பொழுது போக்க வயார்த்தா, பழகிப் பார்க்க மசாத்லான்

மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஒரு குளிர்காலத்தையாவது கழிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் வாடகை, மருத்துவமனை, இணைய வேகம் எல்லாவற்றையும் அலசிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்று வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்கப்புறம்தான் ஊர் தெரியவரும்.

நானும் மனைவியும் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் மென்பொருள் வேலையில் இருந்தவர்கள். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஒரு குளிர்காலம் புவேர்த்தோ வயார்த்தாவில், அடுத்தது மசாத்லானில், பிறகு ஒரு மழைக்காலம் திரும்பவும் வயார்த்தாவில் என்று இருந்து பார்த்தோம். முன்னது ஹலிஸ்கோ மாநிலம், பின்னது சினலோவா. பஸ்ஸில் தெப்பிக் வழியாக முக்கால் நாள் போய்விடும். போய் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். மசாத்லானில் கடிகாரம் மட்டுமல்ல, ஊரே கொஞ்சம் நிதானம்தான்.

வயார்த்தாவில் வாரம் முழுக்கத் தயாராகப் பரிமாறி வைத்திருக்கிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் வந்து குவிகிற காலம். புதன் மாலை பழைய ஊரின் ஓவியக்கூடங்கள் கதவைத் திறந்து வைத்துக் கையில் ஒரு கோப்பையும் கொடுக்கின்றன. சனிக்கிழமை காலை லாசரோ கார்தெனாஸ் பூங்காவில் சந்தை. ரொட்டி, சீஸ், காப்பிக்கொட்டை, நகை எல்லாவற்றையும் பெரும்பாலும் செய்தவரே விற்கிறார். யோகா, சீட்டாட்டம், ஸ்பானிஷ் வகுப்பு எதற்கும் அலைய வேண்டாம். வந்து இறங்கிய முதல் வாரமே நாலு பேர் நம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் வீடு பார்க்கும் உலா. சர்வதேச நட்புக் கழகம் என்று வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஒரு பழைய சங்கம் ஏற்பாடு செய்வது. மலைச்சரிவில் கடலைப் பார்த்துக் கட்டிய பெரிய வீடுகளுக்குக் கூட்டிப்போய், நீச்சல்குளம், சமையலறை, படுக்கையறை எல்லாம் காட்டுவார்கள். அடுத்தவர் வீட்டுச் சமையலறையைக் காசு கொடுத்துப் பார்ப்பதா என்று மனைவி கேட்டாள். நம் ஊரில் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் சாப்பாடும் போட்டு, தாம்பூலப் பையும் கொடுத்து அனுப்புவார்களே! ஆனால் இங்கே வசூலாகும் பணம் பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்த குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்குப் போகிறது. அது தெரிந்த பிறகு கிண்டலை நிறுத்திக்கொண்டோம்.

குறை என்னவென்றால், இரண்டு மாதம் போன பிறகும் எங்கள் ஸ்பானிஷ் அங்குலம் நகரவில்லை. சந்தையில் ஆங்கிலம், வகுப்பில் ஆங்கிலம், சீட்டாட்ட மேசையில் ஆங்கிலம். வான்கூவரில் பனி எத்தனை அடி என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாள் பெயர் தெரியாது.

மசாத்லானில் இந்த வசதி இல்லை என்றில்லை. குளிர்கால மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை அங்கேயும் ஓவியக்கூடங்கள் திறந்திருக்கும். கையால் வரைந்த மாதிரி இருக்கும் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய ஊரின் சந்துகளில் சுற்றலாம். ஆனால் அது மாதத்துக்கு ஒன்று. மிச்ச நாளுக்கு ஊர்க்காரர்கள் போகும் இடத்துக்குத்தான் நாமும் போயாக வேண்டும். இதுதான் பெரிய வித்தியாசம்.

போனோம். அக்டோபரில் பேஸ்பால் தொடங்குகிறது. ஊரின் அணி வெனாதோஸ், அதாவது மான்கள். 2016-இல் கரீபியன் தொடரை வென்ற அணி என்று டாக்சிக்காரர் முதல் தக்காளி விற்பவர் வரை சொல்லிக் காட்டுவார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குப் பந்து வீசுகிறவன் கையை மடக்கி எறிவதே ஆட்டவிதி மீறலாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா, தோன் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய வயது. ஒவ்வொரு வீச்சுக்கும் விரல்விட்டு எண்ணிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நடுவரை எந்த வார்த்தையில் திட்டுவது என்பதையும் சேர்த்துத்தான். நாலாவது ஆட்டத்தில் எங்களுக்கும் சேர்த்து வேர்க்கடலை வாங்கி வைத்திருந்தார். வயார்த்தாவில் ஆறு வாரம் வகுப்புக்குப் போய்க் கற்றதைவிட அந்த இருக்கையில் கற்றது அதிகம். ஆனால் அதைப் பாதி இடத்தில் சொல்ல முடியாது.

இன்னொன்று கலங்கரை விளக்கம். எல் ஃபாரோ, கிரெஸ்தோன் குன்றின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 157 மீட்டர். சுற்றுலாக்காரர்கள் வெயில் ஏறிய பிறகு மூச்சு வாங்க ஏறுவார்கள். ஊர்க்காரர்கள் விடியற்காலையிலேயே ஏறி இறங்கிவிடுவார்கள், நம் ஊரில் கோயில் பிரகாரம் சுற்றுவது மாதிரி. எதிரே வருகிற ஒவ்வொருவரும் காலை வணக்கம் சொல்வார்கள். பத்து நாள் தொடர்ந்து போய்ப் பதினோராம் நாள் போகாவிட்டால், மறுநாள் "நேற்று ஏன் காணோம்?" என்று கேள்வி வரும். மேலே கண்ணாடித் தரை போட்ட ஒரு பார்வை மேடை இருக்கிறது. அதில் நிற்க எனக்கு இன்னும் கால் கூசுகிறது.

நாடகம், இசை என்றால் மசாத்லானை மிஞ்ச வயார்த்தாவால் முடியாது. பிளாசா மச்சாதோவை ஒட்டி ஆங்ஹெலா பெரால்தா அரங்கம். 1883-இல் கச்சேரிக்காக வந்து இறங்கி, மஞ்சள் காய்ச்சலில் இங்கேயே இறந்துபோன ஓபரா பாடகியின் பெயர் அது. இடிந்து கிடந்ததைச் சீராக்கி 1992-இல் திரும்பத் திறந்தார்கள். கார்னிவல் 1898 முதல் நடக்கிறது. அந்த வாரம் மட்டும் ஊரில் தூக்கம் கிடைக்காது.

தூக்கம் பற்றிச் சொன்னதால் பான்டாவையும் சொல்லிவிட வேண்டும். ட்ரம்பெட், கிளாரினெட், தூபா என்னும் பெரிய ஊதுகுழல், மேளம் எல்லாம் சேர்ந்த சினலோவா வாத்தியக் குழு. நம் பேண்டு வாத்தியமும் நையாண்டி மேளமும் ஒரே பந்தலில் போட்டி போட்டால் எப்படியோ அப்படி. கடற்கரையில் காசு கொடுத்தால் பாட்டு. 2024 மார்ச்சில் விடுதிக்காரர்கள் சிலர் இந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லப்போக, வாத்தியக்காரர்கள் திரண்டு தெருவில் ஊதிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். எங்கள் கட்டடத்து வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பட்டார்கள். நான் வாத்தியக்காரர்கள் பக்கம். ஆனால் அதைப் பால்கனியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெக்சிகோ அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, வெளிநாட்டவர் நாட்டின் அரசியல் விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது. ஊர்வலம் கண்டால் ஓரமாக நின்று பாருங்கள், பதாகை பிடிக்காதீர்கள்.

கடலோர நடைபாதைக்கு இரண்டு ஊரிலும் மலேகோன் என்றுதான் பெயர். மசாத்லானுடையது சுமார் 21 கிலோமீட்டர். சைக்கிள் வைத்திருப்பவருக்கு அதுவே ஒரு கிளப். களைத்துப்போனால் புல்மோனியா என்கிற கதவில்லாத டாக்சி. பெயருக்கு அர்த்தம் நிமோனியா! காற்றில் போய்ச் சளி பிடிக்கும் என்று போட்டி டாக்சிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டதாம். வயார்த்தாவின் மலேகோன் குட்டி, ஆனால் சிலைகள் நிறைய. அங்கே நான் போவது சிலைக்கு அல்ல. சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டி ஒருவர் தூபா விற்பார். வாத்தியமும் தூபா, இதுவும் தூபா, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இது தென்னம்பாளையிலிருந்து இறக்குவது. மணிலாவிலிருந்து வந்த கப்பல்களோடு பிலிப்பினோக்கள் கொண்டுவந்த பழக்கம். குடுக்கையிலிருந்து சாய்த்து ஊற்றி, மேலே பொடியாக நறுக்கிய ஆப்பிளும் வேர்க்கடலையும் தூவித் தருவார். முதல் மடக்கில் பதநீர், இரண்டாவதில் லேசாகக் கள். கடலையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், குடித்துவிட்டுப் பேசுங்கள்.

வெளியே போய்வர வயார்த்தா ஜெயிக்கிறது. இதில் தர்க்கமே வேண்டாம். தெற்கே 24 கிலோமீட்டரில் மலைமேல் தாவரவியல் பூங்கா. பழைய ஊரிலிருந்து எல் துயித்தோ பஸ் ஏறினால் வாசலில் இறங்கலாம். ஆர்க்கிட், வனிலாக் கொடி, கொக்கோ எல்லாம் சொந்த மண்ணில் வளர்வதைப் பார்க்கலாம். போக்கா தெ தொமாத்லானிலிருந்து லாஸ் ஆனிமாஸ் வரை கடலோரக் காட்டுப்பாதை. நடந்து போய்ப் படகில் திரும்பலாம். சாலையில் போவதைவிடப் படகில் போவதே வழக்கமான யெலாப்பா கிராமமும் அந்தப் பக்கம்தான். மசாத்லானில் பாங்காப் படகில் ஐந்து நிமிடத்தில் கல்தீவு. பெயர்தான் தீவு, உண்மையில் தீபகற்பம். தென்னந்தோப்பு, குதிரை, வறுத்த மீன், ஊஞ்சல். ஒரு நாளைக்குப் போதும். திமிங்கிலம் இரண்டு ஊரிலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. உரிமம் பெற்ற படகா என்று மட்டும் பாருங்கள், துரத்திக்கொண்டு ஓடுகிற படகில் ஏறாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மசாத்லான் என்றால் இறால். வயார்த்தாவில் தேர்வு அதிகம். எந்த ஊரானாலும் பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கலாம், "தியேனே மன்தேகா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பேசாமல் விட முடியாது. 2024 செப்டம்பரிலிருந்து சினலோவாவில் ஒரே போதைமருந்துக் கும்பலின் இரண்டு அணிகள் மோதிக்கொள்கின்றன. மையம் மாநிலத் தலைநகர் குலியக்கான் என்றாலும் மசாத்லானிலும் அதன் நிழல் விழுந்திருக்கிறது. நாங்கள் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஹலிஸ்கோவுக்கும் சொந்தமாகக் கும்பல் உண்டு, வயார்த்தாக்காரர்கள் மார்தட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் முதல்முறை வருகிறவரை இன்றைக்கு நான் வயார்த்தாவுக்குத்தான் அனுப்புவேன்.

அனுப்பினாலும், ஆகஸ்ட் மாதம் போ என்பேன். இதைக் கேட்டால் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். சீசன் முடிந்ததும் சந்தை மூடிவிடும், சங்கக் கூட்டம் கலைந்துவிடும், புழுக்கம் தாங்காது, இரவில் இடியும் மழையும். புயலும் வரும், 2023 அக்டோபரில் லிடியா வயார்த்தாவுக்குத் தெற்கே கரையேறியது. ஆனால் ஆமைகள் வருவதும் அப்போதுதான். இங்கே கோல்ஃபினா என்பார்கள். நம் ஊரில் பங்குனி ஆமை. பெசன்ட் நகர் மணலில் பின்பனிக் காலத்தில் முட்டையிடும் அதே இனம், இங்கே ஆடியில் தொடங்கிக் கார்த்திகை தாண்டியும் வந்துகொண்டிருக்கும். சீசன்காரர்கள் பாதிப்பேர் இதைப் பார்த்ததே இல்லை.

ஆமை முட்டைகளைக் காக்கும் முகாம்களில் ஆள் எப்போதும் தேவை. ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும். நாயும் திருடனும் எடுக்கும் முன் தோண்டி, வேலிபோட்ட மணற்பாத்தியில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். சுமார் 45 நாள் கழித்துக் குஞ்சு. மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். அதனால் பாத்திக்கு மேலே நிழல்வலை கட்டுகிறார்கள். 1990 வரை ஆமையைப் பிடிப்பது தொழிலாகவே இருந்த நாடு இது. எங்கள் முகாமில் இருந்த ஒரு பெரியவர், சின்ன வயதில் தானும் பிடித்ததாகச் சர்வ சாதாரணமாகச் சொன்னார். மசாத்லானுக்கு வடக்கே எல் வெர்தே கமாச்சோ கடற்கரையிலும் 1975 முதல் இந்த வேலை நடக்கிறது. ஆனால் ஊருக்குள் இருந்துகொண்டு வாரம் மூன்று நாள் போய்வர வயார்த்தாதான் வசதி.

சுற்றுலாக்காரருக்கு இது கால்மணி நேரம்: சூரியன் சாயும் நேரத்தில் கொட்டாங்குச்சியில் ஒரு குஞ்சைக் கொடுப்பார்கள், மணலில் விட்டுப் படம் எடுத்துப் போவார்கள். தொண்டு செய்கிறவருக்கு இரவு முழுக்க நடை. வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு மட்டும். விடுதி விளக்கைக் கடல் என்று நினைத்துத் திரும்பும் குஞ்சுகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். கையில் சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் இருக்கவே கூடாது, குஞ்சின் மேல் பட்டுவிடும். ஆகவே முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் பேன்ட், தடித்த காலுறை எடுத்துப் போங்கள். நான் முதல் நாள் அரைக்கால் சட்டையோடு போய், மறுநாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.