க்ரீன் ஸ்டஃப்: ரோமத்துக்கும் சீழுக்கும் சரி, வாளுக்கு வேண்டாம்

க்ரீன் ஸ்டஃப் என்பது களிமண்போல் பிசைந்து சின்ன உருவங்கள் செய்யும் பச்சை நிறப் பசை, ஆங்கிலத்தில் putty. முதல் ஒரு வருடம் இந்தப் பச்சைப் புட்டியை வாயாரத் திட்டியிருக்கிறேன். இப்போது இது பக்கத்தில் இல்லாமல் ஒரு மினியேச்சரைக்கூட, அதாவது மேசை விளையாட்டுக்கான குட்டி உருவத்தைக்கூட, தொடுவதில்லை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யப் பழகினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் க்ரீன் ஸ்டஃப் என்று கூப்பிடுவது நீடடைட் என்கிற எப்பாக்சி புட்டி, இரண்டு பாகங்களைக் கலந்தால் தானாக இறுகும் வகை. நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டையும் சம அளவு கிள்ளி, கோடு எதுவும் தெரியாமல் ஒரே பச்சையாகும்வரை பிசைய வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சொன்னபடி கேட்கும், முழுசாக இறுக ஒரு நாள் விட வேண்டும். மஞ்சள் கூடினால் மென்மையாக இருக்கும், இறுகிய பிறகும் கொஞ்சம் வளையும். நீலம் கூடினால் கெட்டி. நாடாவாக வாங்கினால் மட்டும் ஒரு சங்கடம் உண்டு: நீலமும் மஞ்சளும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நடுக்கோடு பெட்டிக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். அதை மெல்லிய கீற்றாக வெட்டி எறிந்துவிட்டுத்தான் பிசைய வேண்டும். நான் எறியவில்லை. என் முதல் வீரனின் மேலங்கி முழுக்க அம்மை போட்டதுபோல் பொரிப்பொரியாக வந்தது. நல்லவேளை, அவன் வார்ஹேமர் விளையாட்டின் நோய்க்கடவுள் நர்கிளின் படையைச் சேர்ந்தவன், வேண்டுமென்றே செய்தது என்று சொல்லித் தப்பித்தேன்.

இந்தப் புட்டியின் முழு ரகசியமும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. பிசைந்த உடனே சூயிங்கம்போல் ஒட்டும். அப்போது நுணுக்க வேலையில் கை வைத்தால் கருவியோடு எழுந்து வந்துவிடும். ஆனால் பிசுபிசுவென்று வழியும் கோழை, வாயில் தொங்கும் எச்சில், பிளந்த தசைக்கு நடுவே இழுபடும் நார் எல்லாம் இந்த நேரத்தில்தான் அமையும். ஒரு துளியை மேல் தாடையில் அப்பி, ஊசி முனையால் கீழ்த் தாடைக்கு இழுத்துவிட்டால் போதும், அப்படியே நின்றுவிடும். அரை மணி கழித்து ரோமத்தை ஆரம்பிக்கலாம். துணியின் விளிம்பு, கிழிசல் மாதிரியானவற்றுக்கு ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தண்ணீர் தடவிய பிளாஸ்டிக் தாளில் மெல்லிய தகடாக உருட்டி, பாதி இறுகியதும் பிளேடால் வெட்டி, தோளில் போர்த்தி மடிப்பு விடுங்கள். சீக்கிரமே போர்த்தினால் தொய்ந்துவிடும், நேரம் தவறினால் மடியவே மடியாது.

ரோமத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் சொதப்புவது அங்கேதான். முதலில் அடிப்படை உருவத்தை மட்டும் வைத்து ஒரு நாள் இறுக விடுங்கள். மறுநாள் அதன்மேல் மிக மெல்லிய படலம், அதுவும் நகக்கண் அளவு இடத்துக்கு மட்டும். ஓட்டுவீட்டுக் கூரை வேய்வதைப்போல் கீழிருந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் மேல் கொத்தின் நுனி கீழ்க் கொத்தின் அடியை மூடும். ஊசியை ஈரமாக்கி, குட்டிக் குட்டிக் கோடுகளாக இழுங்கள். கோடுகள் நேராக இருந்தால் சீப்பு வாரியதுபோல் தெரியும், கொத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு மூன்று நுனிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால்தான் ஓநாய்த்தோல் ஓநாய்த்தோலாக இருக்கும். 28 மில்லிமீட்டர் உருவத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிய வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், பெயின்ட் ஏறியதும் எல்லாம் மூடிப்போகும்.

கொப்புளம் இதைவிடச் சுலபம். கடுகைவிடச் சின்ன உருண்டையை வைத்து அழுத்தி, சுற்றிலும் கருவியால் ஒரு பள்ளம் எடுத்து, நடுவில் ஊசியால் குத்தினால் உடைந்த கொப்புளம், குத்தாமல் விட்டால் உடையப்போகும் கொப்புளம். இரண்டும் கலந்து, பெரிசும் சின்னதுமாகக் கும்பலாக வைத்தால் பார்க்கவே குமட்டும். அதுதானே வேண்டும்! உணர்கொம்பு செய்யும்போது மட்டும் உள்ளே மெல்லிய கம்பி வையுங்கள். சின்ன டிரில்லால் உடம்பில் துளையிட்டுக் கம்பியை இறக்கிவிட்டு அதன்மேல் புட்டி ஏற்றினால், ஆட்டத்தின் நடுவே யாராவது தட்டிவிட்டாலும் ஒடியாது.

இனி குறைகள். கூர்மையான விளிம்பு இதில் வராது. வாள், கவசத் தகடு, இயந்திர பாகம் எதுவாக இருந்தாலும், அழுத்திவிட்டாலும் பழைய இடத்துக்கே மெல்லத் திரும்பி ஓரம் மழுங்கிவிடும். இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டாலும் ரப்பர் மாதிரி நூல் நூலாகக் கிளம்புமே தவிர வழவழப்பாகாது. அந்த வேலைக்கு மில்லிபுட் என்கிற இன்னொரு எப்பாக்சி புட்டி இருக்கிறது. தண்ணீரிலேயே வழிக்கலாம், நன்றாகத் தேய்க்கலாம், ஆனால் மெல்லிசாகச் செய்தால் உடையும். நான் இப்போதெல்லாம் இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். இழுவையும் கொஞ்சம் மிஞ்சுகிறது, தேய்க்கவும் முடிகிறது. இன்னொரு எரிச்சல் அந்த நிறம். பளபளக்கும் பச்சையில் நுணுக்கம் கண்ணுக்கே தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நிழலைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

கருவி ஒட்டாமல் இருக்கச் சிலர் வாசலின் தடவுவார்கள். எனக்குத் தண்ணீரே போதும், வாசலினைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அடுத்த அடுக்கும் பிடிக்காது, பிரைமரும் பிடிக்காது. உலோகக் கருவியைவிட சிலிகான் முனை வைத்த தூரிகை நல்லது, வழிப்பதற்கு அதை மிஞ்சியது இல்லை. அப்புறம் கையுறை. இறுகாத எப்பாக்சி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் போவது கடினம். கையுறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஓநாய்த்தோலை முடித்துவிட்டு, பெருமையாகத் தூக்கிப் பார்த்தேன், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக முதுகில் என் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. இப்போதெல்லாம் உருவத்தை ஒரு பழைய மூடியின்மேல் ஒட்டிக்கொண்டு மூடியை மட்டுமே பிடிக்கிறேன்.

வாங்குவதென்றால் நீலமும் மஞ்சளும் தனித்தனியாக வரும் பொதியை வாங்குங்கள், அதுவும் சின்னதாக. ஒரு உருவத்துக்குப் பட்டாணி அளவுகூடச் செலவாகாது. பிசைந்தது மிஞ்சினால் ஃப்ரீசரில் வைக்கலாம், இறுகுவது வெகுவாகக் குறையும். நான் மிச்சத்தையெல்லாம் உணர்கொம்புகளாக உருட்டி ஒரு டப்பாவில் போட்டுவைக்கிறேன். டப்பா நிரம்பிவிட்டது, அத்தனை கொம்பு முளைக்கிற அளவுக்கு என்னிடம் பூதங்கள்தான் இல்லை.