பாக் விரிகுடாவை நான்காக வெட்டிப் பார்த்தேன்: இணை நிரலாக்கத்துடன் மூன்று ஆண்டுகள்

மண்டபத்தில் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் பாக் விரிகுடா. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும் கடல். தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. அது போகப்போக ஆயிரம் மீட்டரைத் தாண்டி இறங்கும். இரண்டுக்கும் நடுவே பாம்பன் வாய்க்கால். வாடைக் காலத்தில் தண்ணீர் வடகடலிலிருந்து தென்கடலுக்கு இழுக்கும், கச்சான் காலத்தில் மாறி ஓடும். இந்த ஓட்டத்தை என் கையால் எழுதிய நிரலில் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், நிரல் ஓரளவு எழுதுவேன். இணை நிரலாக்கம், அதாவது ஒரே கணக்கைப் பல கூறாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது, மட்டும் சுத்தமாகத் தெரியாது.

அது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் புரியும். 200 கிலோமீட்டருக்கு 200 கிலோமீட்டர் கடலை 200 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் பத்து லட்சம் கட்டங்கள். நீண்ட அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சுமார் 100 மீட்டர். கணக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னே நகர்கிறதோ அது ஒரு காலப்படி. ஒரு காலப்படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கணக்கு வெடித்துவிடும். அதனால் தென்கடலின் ஆழமான மூலைக்காக மொத்தக் கடலையும் இரண்டு விநாடிக்கும் குறைவான படிகளில் நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒரு நாளுக்கே நாற்பதாயிரத்துக்கு மேல் படிகள். கட்டத்தை 100 மீட்டராக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, படிகள் இரண்டு மடங்கு, ஆக வேலை எட்டு மடங்கு. பதினைந்து நாள் ஓதத்தை (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை) ஒரே கோரில், அதாவது கணினிச் சில்லின் ஒரே கணக்கிடும் பகுதியில், ஓட்ட எனக்கு ஒரு முழு இரவு ஆனது. அதன் எட்டு மடங்கு என்றால் மூன்று நாள். மூன்று நாள் கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே!

முதலில் ஓப்பன் எம்பி (OpenMP) எடுத்தேன். ஒரே கணினியின் கோர்களுக்கு வேலையைப் பிரிக்கும் வழி இது. 1997-இல் வந்தது. லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிக்கு) மேலே ஒரு வரி சேர்த்தால் வேலை த்ரெட்களுக்கு, அதாவது ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கு, பிரிந்துவிடும். ஒரே மாலையில் நான்கு த்ரெட்டில் இரண்டரை மடங்கு வேகம் கிடைத்தது. எட்டு த்ரெட் போட்டால் ஐந்து மடங்காவது வரும் என்று நினைத்தேன், மூன்றைக்கூடத் தொடவில்லை. காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. இந்த மாதிரிக் கணக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான், நினைவகத்திலிருந்து எண்களைக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. எல்லாக் கோர்களும் ஒரே வழியில் வரிசையில் நிற்கின்றன. கூடுதலாகக் கோர் போட்டால் வரிசைதான் நீளும்.

அப்புறம் எம்பிஐ (MPI). தனித்தனியாக ஓடும் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை. முதல் தர வரையறை 1994-இல் வெளியானது, இன்றும் பெரிய இயற்பியல் நிரல்கள் பல இதன் மேல்தான் நிற்கின்றன. இதில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (தனியாக ஓடும் ஒவ்வொரு நிரல் பிரதிக்கும்) தனி நினைவகம். கடலை நான்கு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தால், பக்கத்துத் துண்டின் ஓரத்து மதிப்புகளை ஒவ்வொரு படியிலும் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய மதிப்புகளை வைக்கத் துண்டைச் சுற்றி ஒரு வரிசை உபரிக் கட்டங்கள் வைக்கிறோம்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். முதல் ஓட்டத்தில் படங்கள் அழகாக வந்தன. விசைப்படகில் போகும் என் பெரியப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பாம்பன்ல தண்ணி ஓடவே இல்லையே? வாடைக்கு இந்நேரம் தெக்க இழுக்கணுமே" என்றார். உண்மைதான். நான் வெட்டிய கோடு சரியாகப் பாம்பன் வாய்க்காலின் குறுக்கே போயிருந்தது. நீர்மட்டத்தை மட்டும் பக்கத்துத் துண்டுக்கு அனுப்பியிருந்தேன், நீரோட்ட வேகத்தை அனுப்ப மறந்துவிட்டேன். வாய்க்கால் என் கணினிக்குள் அடைத்துக்கொண்டது. ஒரே ப்ராசஸில் ஓட்டினால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அன்றிலிருந்து எந்த மாற்றம் செய்தாலும் ஒன்று, இரண்டு, நான்கு ப்ராசஸ்களில் ஓட்டி விடைகளை ஒப்பிடாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்த நீரின் அளவைக் கூட்டினால் கடைசி இலக்கங்கள் ப்ராசஸ் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால், கடைசி இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் முழுமையாக்கப் பிழையும் மாறுகிறது. அது நிரலின் தவறு இல்லை. ஆறாவது இலக்கத்திலேயே மாறினால் அது நிரலின் தவறு.

இன்னொரு பொறி: கட்டங்கள் குறைவாக இருந்தால் நிரல் ஓடும், கூடினால் அப்படியே நின்றுவிடும். இரண்டு ப்ராசஸும் ஒரே நேரத்தில் "அனுப்புகிறேன்" என்று காத்திருந்தால், வாங்க ஆளில்லை. சின்னச் செய்திகளை நூலகமே எங்காவது வாங்கி வைத்துக்கொள்வதால் தவறு மறைந்திருக்கும். அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே அழைப்பில் செய்யும் சென்ட்ரெசீவுக்கு மாறியதும் தீர்ந்தது.

வெட்டும் விதமும் முக்கியம். ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்களைப் பதினாறு பட்டைகளாக வெட்டினால் நடுப்பட்டை ஒவ்வொன்றும் 2000 ஓரக்கட்டங்களைப் பரிமாற வேண்டும். நான்குக்கு நான்கு சதுரங்களாக்கினால் 1000 போதும். ஆனால் சதுரமாக வெட்டியபோது ஒரு துண்டு முழுக்க ராமநாதபுரத்து நிலத்தில் விழுந்தது. அந்த ப்ராசஸ் வேலையில்லாமல் மற்றவர்களுக்காகக் காத்துக் கிடந்தது. கரைவலையில் ஒரு பக்கத்துக் கயிற்றுக்கு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கடல் கட்டங்களை மட்டும் எண்ணிச் சமமாகப் பங்கிடுகிறேன்.

ஜிபியு (கணக்குக்கும் பயன்படும் வரைகலைச் சில்லு) பக்கம் கொஞ்சமாகத்தான் போயிருக்கிறேன், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. கருவிகள் விஷயத்தில், உப்புக்காற்றில் லேன் கேபிள் முனை பச்சை பூத்து இரண்டு முறை மாற்றினேன். பழைய கணினிகள் இரண்டே போதும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, அரை மணிக்கு ஒருமுறை கணக்கின் நிலையைக் கோப்பில் எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பாடங்களுக்கு என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் இணையவழிப் பாடத் திட்டம்) காணொளிகள் இலவசம்.

புதிதாக வருகிறவர்கள் எம்பிஐயில் தொடங்குவதே நல்லது என்பது என் முடிவு. ஓப்பன் எம்பி சீக்கிரம் சந்தோஷம் தரும், ஆனால் எந்த எண் எங்கே இருக்கிறது என்று யோசிக்க வைக்காது. எம்பிஐ முதல் நாளே அதைக் கேட்கும். இரண்டு கணினியில் சரியாக எழுதியதைப் பெரிய மாற்றமில்லாமல் திருச்சி என்ஐடியில் 2022-இல் வந்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் போன்ற இயந்திரங்களுக்கும் கொண்டுபோகலாம்.

என் ஆச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைத்தான் இப்போது 100 மீட்டர் கட்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நிலத்துக்குள் தண்ணீர் ஏறும் பகுதி இன்னும் சரியாகவில்லை. நனையும் கட்டமும் காயும் கட்டமும் படிக்குப் படி மாறுவதால் பங்கீடு மறுபடி குலைகிறது. அதைச் சரிசெய்யத்தான் இந்த விடுமுறை.