லாங் பஜார் பக்கம் ஒரு ஷீல்டு கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மர ஷீல்டு, பித்தளைத் தகடு, அக்ரிலிக் வேலை என்றால் வேலூரில் நான் போவது இந்த ஒரு கடைக்குத்தான். கிரிஸ்டல் மெமெண்டோ வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

லோக்கல் கேபிள் சேனல் ஒன்றில் நிகழ்ச்சித் தயாரிப்பு என் வேலை. நவம்பர் 21 உலகத் தொலைக்காட்சி நாள். 1996-ல் ஐ.நா. சபை அறிவித்தது. அந்த வாரத்தில் எங்கள் ஆட்களுக்கு வருஷா வருஷம் ஒரு விருது விழா வைப்போம். ஐ.நா. மேல் பக்தி ஒன்றுமில்லை, தீபாவளி விளம்பரப் பணம் அதற்குள் வசூலாகிவிடும், அவ்வளவுதான். சிறந்த செய்தி வாசிப்பாளர், சிறந்த கேமராமேன், சிறந்த லைன்மேன் என்று இருபது சொச்சம் ஷீல்டு தேவைப்படும்.

கடை, லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டில் பாதி எழுத்து போய்விட்டது. ‘ஷீல்டு பாய் கடை’ என்று கேட்டால் வெங்காய மூட்டை இறக்குகிறவரே வழி சொல்வார். உள்ளே இரண்டு பேர் நிற்க இடமிருக்கும். கபடி கப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். பின்னறையில் லேசர் மெஷின் ஓடினால் பலகை கருகும் வாசனை துணியிலேயே ஏறிவிடும், பட்டுப்புடவையோடு போய்விடாதீர்கள்.

இந்தக் கடையின் அருமை தெரிய, முன்பு வேறொரு கடையில் நாங்கள் வாங்கியதைச் சொல்ல வேண்டும். பத்து வருஷமாகக் கேமரா தூக்குகிற பையனுக்கு ‘சிறந்த ஒலிப்பதிவாளர்’ என்று வெட்டிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த தாளில் ‘ஒளி’ சரியாகத்தான் இருந்தது. மேடையில் வாங்கிக்கொண்டு சிரித்தான், பாவம். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ஆபீஸ் பீரோ மேலேயே கிடக்கிறது. தமிழ் எழுத்தை டிசைனில் ஏற்றும்போது பழைய ஃபாண்ட்டுக்கு மாற்றுவார்கள். அதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். யாரும் கவனிக்காமல் மெஷினில் போட்டுவிட்டால் தகடு போச்சு.

பாய் கடையில் அது நடக்காது. தகட்டை மெஷினில் வைப்பதற்கு முன் கம்ப்யூட்டர் திரையை நம் பக்கம் திருப்பிவிடுவார்.

“இன்னா மேடம், வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா முடிஞ்சுதா? உக்காருங்க. ஒவ்வொரு பேரா சத்தமா படிங்க.”

நான் படிக்கப் படிக்க அவர் திரையில் விரல் வைத்துக்கொண்டே வருவார். எங்கள் பட்டியலில் இரண்டு ஏழுமலை. இரண்டு பேருமே லைன்மேன்கள், இனிஷியலும் ஒன்றே. “அப்போ மேடையில யாரு ஷீல்டு யாரு கைக்குப் போவும்?” என்று கேட்டு, ஒருவருக்குக் கொசப்பேட்டை, இன்னொருவருக்குச் சத்துவாச்சாரி என்று ஏரியாவையும் சேர்த்து வெட்டினார். எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இந்த வருஷம் எங்கள் எம்.டி. அமெரிக்க டெலிவிஷன் விருதான எம்மியின் சிலைப் படம் ஒன்றைக் கொடுத்து, “இதே மாதிரி செய்யச் சொல்லும்மா” என்றார். சிறகுள்ள பெண் ஓர் அணுவைத் தூக்கிப் பிடித்திருப்பாளே, அதுதான். லூயிஸ் மெக்மேனஸ் என்ற டெலிவிஷன் இன்ஜினியர் தன் மனைவியை மாடலாக வைத்து வடிவமைத்தது. அதற்கு முன் வந்த 47 வடிவங்களை எம்மி கொடுக்கும் டெலிவிஷன் அகாடமி நிராகரித்திருந்தது. முதல் விழா 1949 ஜனவரியில் நடந்தது. சிலையின் எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொல்ல, பாய் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ரெக்கை முனை குத்தும் மேடம். அதுவும் இல்லாம இது அவங்க உருவம். நம்ம ஊர்ல உருவமா இல்ல?” என்றார். கோட்டை மதில், அதன் மேல் ஒரு டிஷ் ஆண்டெனா என்று அக்ரிலிக்கில் வெட்டித் தந்தார். நன்றாகவே இருந்தது. மதில் பற்களை மட்டும் ரொம்ப மெல்லிசாக வெட்டிவிட்டார். இரண்டு ஷீல்டில் டெலிவரிக்கு முன்பே பல் உடைந்து, திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. அதற்குக் காசு கேட்கவில்லை.

விலை: பெரிய ஷீல்டு 650 ரூபாய், சின்னது 420. செய்தி வாசிப்பவர்களுக்குப் பெரிது, லைன்மேன்களுக்குச் சின்னது என்று ஆபீஸில் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எழுதினவர் யாரென்று எனக்குத் தெரியும், விடுங்கள். பாய் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “கம்பத்துல ஏர்றவருக்கு ஏன் மேடம் சின்னது?” அமெரிக்காவிலும் தொழில்நுட்பக்காரர்களுக்கான எம்மிகளில் பெரும்பாலானவற்றைத் தனி விழாவில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் சிலை எல்லாருக்கும் ஒன்றுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அறுந்த கேபிளை ஒட்டவைக்க ராத்திரி முழுக்க நனைந்தவர்கள் இந்த இரண்டு ஏழுமலைகளும்தான். நான் எம்.டி.க்குப் போன் போட்டேன். எல்லாம் ஒரே சைஸ் என்று முடிவானது. பாயும் மொத்தமாக எடுப்பதால் ஒன்றுக்கு 580 போட்டுக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார். செவ்வாய் என்றால் வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் 2009 முதல் 2013 வரையிலான மாநில அரசின் சின்னத்திரை விருதுகளையே 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கத்தில் கொடுத்தார்கள். அதோடு பார்த்தால் பாயின் இரண்டு நாள் ஒரு கணக்கா?

கிரிஸ்டல் விஷயத்தில் மட்டும் சமாதானம் இல்லை. ரெடிமேடாக வரவழைத்து அடியில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தருகிறார். பீடத்தோடு சேர்த்திருக்கும் பசை வேலூர் வெயிலுக்குத் தாங்காது. சித்திரையில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்காக வாங்கிக் காரில் வைத்திருந்தேன். மத்தியானம் கதவைத் திறந்தால் கண்ணாடி தனி, பீடம் தனி.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். பண்டிகை சமயத்தில் அந்தச் சந்துக்குள் டூவீலர் நுழையாது, வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஜிபே உண்டு, அட்வான்ஸ் பாதி. பெயர்ப் பட்டியலை எழுதினவரே நேரில் போவது நல்லது, சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கும்.