டாப்சோனியனா, ரேடியோ டிஷ்ஷா?

கிருஷ்ணகிரி பக்கம் வானம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது 6 அங்குல டாப்சோனியனைத்தான், அதாவது எளிய தாங்கியில் உட்கார்கிற கண்ணாடித் தொலைநோக்கியை. தப்பே இல்லை. சனியின் வளையம், நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். நான் எடுத்தது வேறு: மொட்டைமாடியில் ரேடியோ அலை பிடிக்கிற 1 மீட்டர் டிஷ், அதை லேப்டாப்புக்குத் தருகிற ஒரு எஸ்டிஆர் ரிசீவர், பெருக்கி, ஃபில்டர், பழைய லேப்டாப்.

காரணம் ஒன்றுதான், வருஷத்தில் எத்தனை நாள் உபயோகிக்க முடியும் என்பது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தோடு போய்விடும். மேகம் விட்டாலும் ஓசூர்ப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைத்துவிடுகிறது. என் டிஷ் பிடிக்கிற 21 செ.மீ. ரேடியோ அலைக்கு, அதாவது 1420.4 மெகாஹெர்ட்ஸுக்கு, இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, பட்டப்பகலிலும் வரும். அதைவிட, பால்வீதியின் நடுப்பகுதியை மறைக்கிற விண்வெளித் தூசியையே ஊடுருவி வருகிறது, கண்ணுக்குத் தெரிகிற ஒளி பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஹைட்ரஜன் அணுக்கள் விடுகிற இந்த அலையை 1944-ல் வானியலாளர் வான் டெ ஹுல்ஸ்ட் கணித்தார், 1951-ல் இயற்பியலாளர்கள் ஈவனும் பர்செல்லும் பிடித்தார்கள். திரையில் தெரிவது ஒரு கோட்டில் ஒரு மேடுதான். ஆனால் அது 1420.4-லிருந்து சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் அந்த வாயு நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அல்லது விலகுகிறது என்று கணக்கு. பால்வீதி சுழல்வதை மாடியில் உட்கார்ந்தே அளக்கலாம்!

படம் வேண்டும் என்றால் டிஷ்ஷை மறந்துவிடுங்கள். 1 மீட்டர் டிஷ்ஷுக்குச் சுமார் 14 பாகைக்குள் இருப்பதெல்லாம் ஒரே மங்கல், வானத்தில் நிலாவின் அகலமே அரைப் பாகைதான். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "இந்தக் கோட்டுக்கா இவ்வளவு செலவு?" என்றார்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை வானியலுக்கென ஒதுக்கிய பட்டைதான், ஆனாலும் செல்போன் டவரின் வேறு அலைவரிசைகளே கருவியைத் திணறடித்துவிடும், ஃபில்டர் கட்டாயம். என் வீடு டவருக்குத் தள்ளி இருக்கிறது, டவர் அடியில் குடியிருப்பவர்கள் என் பேச்சை அப்படியே நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

அகச்சிவப்பில் பெரும்பகுதியை நீராவி விழுங்கிவிடும், எக்ஸ் கதிரை வளிமண்டலமே விடாது (2015-ல் இந்தியா ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை மேலே அனுப்பியது சும்மாவா), அதனால் நம் போட்டியில் இரண்டும் இல்லை.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி இருட்டான மலைப் பக்கம் வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டாப்சோனியனே வாங்குங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்ததும் இருட்டை நம்பித்தானே.