கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

கும்பகோணத்தில் இறங்கிய மறுநாளே அம்மா என் மகனைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப் போய், பயத்தம் மாவு போட்டுக் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். "லண்டன்ல புள்ளையக் குளிப்பாட்டவே மாட்டியாடி?" என்று எனக்கும் திட்டு. மூன்று நாள் தேய்த்தும் பின்கழுத்துக் கருப்பு போகவில்லை. தோல் எரிந்ததுதான் மிச்சம்.

அவனுக்குப் பத்து வயது. இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் என்கிற முதல் வகுப்பில் ஒருமுறை, ஆறாம் ஆண்டில் ஒருமுறை உயரமும் எடையும் பார்த்து வீட்டுக்குக் கடிதம் போடுவார்கள். எங்களுக்கு வந்த கடிதம் 'ஆரோக்கியமான எடை' என்றது. கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறானே என்று தோன்றினாலும், கடிதமே சொல்லிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

ஊரில் முதலில் போனது ஏசி போட்ட ஒரு பெரிய மருத்துவமனைக்கு. அங்கே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்த நேரத்தில் பாதிகூட அவனைப் பார்க்கவில்லை. தைராய்டு, விட்டமின் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ், கூடவே அச்சடித்த டயட் சீட்டு: ஓட்ஸ், ப்ரொக்கோலி, ஆலிவ் எண்ணெய். அம்மா அதை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதெல்லாம் அங்கேயே கிடைக்குமே, இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். பேக்கேஜ் எடுக்காமல் திரும்பிவிட்டோம்.

அப்புறம்தான் எங்கள் பழைய குடும்ப டாக்டர். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பார்த்தவர். காலை ஏழு மணிக்கே கம்பவுண்டரிடம் பெயர் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், மாலை ஆறுக்குமேல் பார்ப்பார். ஃபீஸ் 200 ரூபாய். எங்கள் முறை வர எட்டரை ஆனது.

உள்ளே நுழைந்ததும், "என்னடா, குண்டடிச்சிட்டே!" என்றார் சத்தமாக. பாதி திறந்த கதவுக்கு வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகனுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் 'குண்டு' தெரியும். முகம் தொங்கிவிட்டது. லண்டன் ஜிபி (அங்கத்திய குடும்ப டாக்டர்) என்றால் "எடையைப் பற்றிப் பேசலாமா?" என்று முதலில் அனுமதி கேட்பார். அதைச் சொல்லியே விட்டேன். "தப்புதாம்மா" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த இருபது நிமிடம் அவர் பார்த்த விதத்துக்காக அந்த முதல் வாக்கியத்தை மன்னித்தேன். மகன் மன்னித்தானா தெரியாது.

காலரை விலக்கிக் கழுத்தைத் தடவினார். அக்குளையும் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. உடம்பு இன்சுலினுக்குச் சரியா மசியலேன்னா, இன்சுலின் ரத்தத்துல அதிகமாகி தோல் இப்படி வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுக்கும்." அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

செல்போனில் இருந்த பள்ளிக் கடிதங்களைக் காட்டினேன். நல்லவேளை, இரண்டையும் படம் எடுத்து வைத்திருந்தேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினாற்போன்ற வளர்ச்சி வரைபடத்தில், நாலு வயதில் நடுக்கோட்டில் இருந்தவன் இப்போது 91-ஆவது கோட்டுக்கு ஒட்டினாற்போலக் கீழே. அந்தக் கோட்டைத் தொட்டால்தான் அங்கே அதிக எடை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம் கோட்டை இன்னும் கீழே போடுகிறது. நம் உடம்பு குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்து சர்க்கரையை வரவழைக்கும் என்பதால், வளர்ந்தபின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 ஆகப்போகும் பாதையிலேயே எச்சரிக்கை மணி. இங்கிலாந்தில் தெற்காசியப் பெரியவர்களுக்கு அந்த 23 உண்டு. பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் ஒரே வரைபடம். அங்கே சரியான எடை, இங்கே அதிக எடை. பையன் ஒருவன்தான்.

அப்புறம் ஒரு சணல் கயிறு. உச்சந்தலையிலிருந்து பாதம்வரை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றினார். முனைகள் சேரவில்லை, ஒரு விரற்கடை இடைவெளி. "இடுப்பு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்." வீட்டுக்கு வந்து நான் சுற்றிப் பார்த்ததில் எனக்கும் சேரவில்லை, அது வேறு கதை.

தைராய்டு பார்க்க வேண்டாமா என்றேன். "உயரம் ஜோரா வளருதே. தைராய்டா இருந்தா உயரம்தான் முதல்ல நிக்கும்." வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாத சராசரி, கொழுப்பு, கல்லீரல், அவ்வளவுதான் எழுதினார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "தட்டுல யாரும்மா போடறது?"

"ஒரே பேரன் டாக்டர், வருஷத்துக்கு ஒருதரம் வரான்…"

"அதான் கேக்கறேன். அவனே போட்டுக்கட்டும். டிவி முன்னாடி ஊட்டாதீங்க. இட்லி தோசையை நிறுத்த வேணாம், எண்ணி வெச்சா போதும், சாயங்காலம் சுண்டல். பாட்டில் ஜூஸ் வீட்டுக்குள்ளயே வர வேணாம். அவனுக்குத் தனிச் சமையல் கூடாது, வீடே அதைத்தான் சாப்பிடணும்." எடையைக் குறைக்கவும் வேண்டாமாம், ஏறாமல் நிறுத்தினால் போதும், உயரம் வளர வளர கணக்கு நேராகிவிடும்.

லண்டனில் யாரும் என் அம்மாவிடம் பேசியதில்லை. வாட்ஸப் வீடியோவில் "சாப்டியா, இன்னும் ரெண்டு வெச்சுக்கோ" என்று தினமும் என் வீட்டுச் சமையலறையை நடத்துவது அவள்தான்.

ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. கல்லீரல் எண் ஒன்று மட்டும் கொஞ்சம் தூக்கல். லண்டன் திரும்பியதும் ரிப்போர்ட்டை ஜிபியிடம் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கிறோம் என்றார், அவன் கழுத்தையும் பார்த்தார். அனுமதி கேட்டுவிட்டுத்தான். சணல் கயிறு ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அம்மா இப்போதெல்லாம் வீடியோவில் முதலில் அவனைத் திரும்பி நிற்கச் சொல்கிறாள்.