ரீபவுண்டுக்குப் பின்: பாஸா, டிரிபிளா?

கூடைப்பந்தில் எதிரணி ஷாட் தவறுகிறது, ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து (ரீபவுண்டு) நம் கையில். ஆனாலும் எதிரணி திரும்புமுன் பாயும் வேகத் தாக்குதலில் புள்ளி விழுவதில்லை. கோலாலம்பூர் கல்லூரிப் பயிற்சியாளர் இரண்டு வழிகளை எடைபோடலாம்.

முதலாவது, ஓரக்கோட்டருகே நிற்கும் கார்டுக்கு (பந்தை முன்னே கொண்டுபோகும் ஆட்டக்காரர்) உடனே பாஸ். பந்தை முந்தும் கால் கிடையாது. 28 மீட்டர் களத்தை இரண்டு, மூன்று பாஸில் கடக்கலாம். கெடுவது பெரும்பாலும் முதல் நொடியில்தான். பிடித்தவர் பந்தை இடுப்புக்கு இறக்குவார், எதிராளி தட்டிவிடுவான். பந்து தாடையருகிலேயே இருக்கட்டும். பிடித்தவர் வெளிப்பக்கம் திரும்பியபடியே தரையிறங்கட்டும். கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டின் நேரே, ஓரக்கோட்டுக்கு முதுகு காட்டி நிற்கணும். பந்தைத் தேடி ரிங்கடிக்கு ஓடிவந்தால் வேகம் அங்கேயே செத்தது. விங்குகளும் (இரு பக்கமும் ஓடும் ஆட்டக்காரர்கள்) ஓரத்தை ஒட்டியே ஓடணும். நடுவில் நெருங்கினால் ஒரே டிஃபெண்டர் (தடுப்பவர்) இருவரையும் மறித்துவிடுவார்.

இரண்டாவது, பிடித்தவரே டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, கிளம்புவது. முதல் பாஸ் பறிபோகும் கவலை இல்லை. ரிங்கடியில் அவரோடு மல்லுக்கட்டியவர் பின்தங்கினால், முன்னே நமக்கு ஓர் ஆள் கூடுதல். ஆனால் பந்தைப் பிடிக்கும் நெட்டையருக்கு இடது கையாலும் டிரிபிள் வரணும், தலை நிமிர்ந்திருக்கணும். இல்லையேல் நின்றிருக்கும் டிஃபெண்டர் மேல் மோதி ஃபவுல்தான்.

பந்து கையாளத் தெரிந்தவர் ஒருவரே என்றால் முதல் வழிதான் சரி. மாலை மழையில் நனைந்த திறந்த களத்தில் மட்டும் நீண்ட பாஸ் வேண்டாம், பந்து வழுக்கும். பயிற்சிக்குத் தாக்கும் மூவருக்கு எதிராகத் தடுக்க இருவர்; நடுக்கோடு வரை இரண்டே டிரிபிள்.