ஃபோனா, பிரிண்டரா, ஜெராக்ஸ் கடையா? பத்திரத்த ஸ்கேன் பண்ணி மெயில் போட்ட அனுபவம்

போன மாசம் லோனுக்காக அப்பா பேர்ல இருக்குற கிரயப் பத்திரத்த ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பச் சொன்னாங்க. மொத்தம் 14 பக்கம், கூடவே பட்டா, ஆதார், அப்பாவோட பழைய போட்டோ ஒண்ணு. வீட்ல ஃபோன் இருக்கு, ஆல் இன் ஒன் பிரிண்டர் இருக்கு, தெருமுனைல ஜெராக்ஸ் கடை இருக்கு, மூணுலயும் முட்டி மோதிப் பாத்தாச்சு.

மொதல்ல பிரிண்டர். கண்ணாடி வச்ச மெஷின், இதுலதான் தரமா வரும்னு நம்பி ஒக்காந்தேன். பத்திரம் லீகல் சைஸ், 14 இன்ச் நீளம். நம்ம வீட்டு பிரிண்டர் கண்ணாடி ஏ4, அதாவது 11.7 இன்ச். அடில இருக்குற சாட்சி கையெழுத்தும் சார்பதிவாளர் சீலும் வெளிய தொங்குது! சரின்னு ஒவ்வொரு பக்கத்தையும் மேல பாதி கீழ பாதின்னு ரெண்டு தடவ எடுத்தேன். பீரோல முப்பது வருஷமா மடிச்சு வச்ச பேப்பர் வேற, மடிப்பு கண்ணாடிய விட்டுத் தூக்கிட்டு நின்னா அந்த வரி மட்டும் மங்கிடும், ஏன்னா இந்த மாதிரி சின்ன பிரிண்டர்ல இருக்குற சிஐஎஸ் சென்சாருக்கு (பக்கத்த படிக்கிற பாகம்) பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக் கெடந்தாதான் தெளிவா தெரியும். மூடிய ஒரு கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே 28 ஸ்கேன். பின்பக்க எழுத்தும் நிழலா தெரிஞ்சுது, அதுக்கு மட்டும் பேப்பருக்கு மேல கருப்புச் சார்ட் வச்சா சரியாகிடுது.

இவ்ளோ பண்ணிட்டு ஒரு மடத்தனம், நல்லா வரட்டும்னு 600 டிபிஐ (அதாவது ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) கலர்ல வச்சுட்டேன். ஃபைல் 60 எம்பிக்கு மேல. ஜிமெயில்ல 25 எம்பிய தாண்டினா அட்டாச்மெண்ட் போகாது, அதுவா டிரைவ் லிங்க்கா மாத்திடும், அந்தப் பக்கம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல லிங்க் ஓப்பனே ஆகலயாம், மறுபடி அனுப்புங்கன்னு பதில். அந்த 25-ம் முழுசா நமக்கு இல்ல, மெயில்ல போறப்ப ஃபைல் மூணுல ஒரு பங்கு ஊதிடும், 18 எம்பிக்குள்ள வச்சுக்கிட்டா நிம்மதி. டிபிஐய ரெண்டு மடங்காக்கினா புள்ளி நாலு மடங்காகும், படிக்கிறதுக்கு 200 தாராளம்.

அதுக்கப்புறம்தான் ஃபோன எடுத்தேன். கூகுள் டிரைவ்லயே ஸ்கேன் இருக்கு, ஐஃபோன்னா நோட்ஸ்ல இருக்கு, தனியா ஆப் வேணாம். (கேம்ஸ்கேனர இந்தியால 2020 ஜூன்லயே தடை பண்ணிட்டாங்க, எங்க சித்தப்பா இன்னும் எத அனுப்பினாலும் "கேம்ஸ்கேனர் பண்ணி அனுப்பு"ம்பாரு.) லீகல் சைஸா இருந்தாலும் ஃபோனுக்குக் கவல இல்ல. ஆனா வெள்ள டைல்ஸ் மேல வச்சா ஓரத்த கண்டுபுடிக்கத் திணறுது, கருநீலப் போர்வைய விரிச்சு ஜன்னல் பக்கம் வச்சதும் டக் டக்னு எடுத்துச்சு. டியூப்லைட்டுக்கு நேர் கீழ நின்னா நம்ம தல நிழல் பத்திரத்துல விழும். அப்புறம் அந்த பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர், பாக்க ஜெராக்ஸ் மாதிரி பளிச்னு இருக்கும், ஆனா ஊதா சீல் பாதி காணாம போயிடுது, கைரேகை வெறும் கருப்புத் திட்டா மாறிடுது. கலர்லயே விடுங்க.

14 பக்கமும் ஒரே பிடிஎஃப், 9 எம்பி, மெயில் போயிடுச்சு. என் ஓட்டு ஃபோனுக்குத்தான். அப்பா போட்டோவுக்கும் பட்டாவுக்கும் மட்டும் பிரிண்டர், கோணல் இல்லாம வெளிச்சம் சமமா வருது, அதுல ஃபோன் கிட்ட நெருங்க முடியாது. ஆதார ஸ்கேன் பண்ணவே இல்ல, ஆதார் குடுக்குற யுஐடிஏஐ சைட்ல மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணா கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற பிடிஎஃப்பே கெடைக்குது.

ஜெராக்ஸ் கடைய கொறை சொல்ல முடியாது, பெரிய கண்ணாடி, பக்கத்துக்கு 10 ரூபா, அண்ணன் கால் மணி நேரத்துல முடிச்சுருவாரு. ஆனா நான் ரெண்டு பக்கம் டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு நின்னப்ப அவரு டெஸ்க்டாப்ப பாத்தேன். நியூ ஃபோல்டர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா இருக்கு, ஓரத்துல யாரோ ஒரு அக்காவோட பான் கார்டு பெருசா தெரியுது. என்னோடத மட்டும் அழிச்சிடுங்கண்ணேன்னேன், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்றவரைக்கும் அங்கயே நின்னேன், அவரு மொறச்சாரு.